நித்தியகல்யாணி தரும் மருந்து



வீட்டு முற்றத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் தானாக முளைத்துப் பூக்கும் நித்தியகல்யாணியை நீங்கள் அறிவீர்கள். "சுடுகாட்டுப் பூ" என்று ஒதுக்குவாரும் உண்டு. மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இச்செடியிலிருந்துதான், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் வின்கிறிஸ்டின் என்னும் மருந்து எடுக்கப்படுகிறது.

ஜமைக்கா மக்கள் இதன் இலைக் கஷாயத்தைச் சர்க்கரை நோய்க்குக் குடித்து வந்தார்கள். 1952-ல் அந்த இலைகள் கனடாவுக்கு வந்து சேர்ந்தன. அங்கே ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்னும் இருவர் ஆராய்ந்தபோது, சர்க்கரை குறையவில்லை. எலிகளின் வெள்ளையணுக்களே குறைந்தன. வெள்ளையணுக்கள் மிதமிஞ்சிப் பெருகும் நோய்க்கு இது உதவாதா என்று ஆராயப்பட்டது. 1958-ல் வின்பிளாஸ்டினைப் பற்றிய செய்தி வெளியாயிற்று. அதன் இனமான வின்கிறிஸ்டினை 1963-ல் அமெரிக்க அரசு அங்கீகரித்தது.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதற்குள் மெல்லிய இழைகள் உண்டாகி, குரோமோசோம்களை இரு பக்கமும் பங்கிடுகின்றன. வின்கிறிஸ்டின் அந்த இழைகள் உருவாகாதபடி தடுக்கிறது. ஆகவே உயிரணு பிரிய முடியாமல் மடிகிறது. நிணநீர்ப் புற்றுநோய்க்கும், குழந்தைகளின் சிறுநீரகக் கட்டிக்கும்கூட மற்ற மருந்துகளோடு சேர்த்து இதைக் கொடுக்கிறார்கள்.

"அப்படியானால் இலையை அரைத்துக் குடிக்கலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. ஒரு கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். இலையில் வேறு நச்சுப் பொருள்களும் உண்டு. ஒரு வேளைக்குரிய மருந்தோ பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேற்படாது. அதையும் இரத்தக் குழாய் வழியாக மட்டுமே செலுத்த வேண்டும். தவறி முதுகுத் தண்டு நீரில் சென்றால் உயிருக்கே ஆபத்து. கைகால் மரத்துப்போதல், மலச்சிக்கல், முடி உதிர்தல் ஆகியவை பக்க விளைவுகள். இவற்றை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

இரத்தப் புற்றுநோய்க்கு முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை இந்த ஊசி போடப்படும். மாத முடிவில் பெரும்பாலான குழந்தைகளுக்கு நோய் அடங்கிவிடும். பிள்ளை ஓடியாடி விளையாடும். ஆனால் அடங்கிய நோய் முற்றிலும் நீங்கியதாகாது. சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் தொடர வேண்டும். முழுச் சிகிச்சை கிடைக்கும் வசதியான நாடுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பும்.

ஏழைப் பெற்றோர் நிறுத்துவது அன்புக் குறைவினால் அல்ல. பேருந்துக் கட்டணம், இழந்த நாட்கூலி, வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகள் ஆகிய பாரங்களே காரணம். இப்படிப்பட்ட குடும்பம் உங்கள் சபையில் இருந்தால், முதல் மாதத்தோடு விட்டுவிடாமல் கடைசி ஊசிவரைக்கும் அவர்களோடு நில்லுங்கள்.