மணி அடித்த பின் ஒரு மணி நேரம்



பள்ளியின் இறுதி மணி ஒலித்தவுடன் புத்தகப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாயிலை நோக்கி ஓடும் பிள்ளைகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். அம்மணிக்குப் பின் வரும் ஒரு மணி நேரம் நம் தமிழ்ப்பள்ளிகளில் நெடுங்காலம் தேர்வுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, அந்த ஒரு மணி நேரம் இருக்கிறது. அதனை வேறு நாடுகளில் சில ஆசிரியர்கள் எவ்வாறு பயன்படுத்தினர் என்பதை இக்கட்டுரையில் காண்போம். எட்டு வயதும் பத்து வயதும் நிரம்பிய பிள்ளைகளின் கையில் கித்தாரையும் மேளக்கோலையும் கொடுத்து, அவர்களை 'ராக்' இசைக்குழுக்களாக ஆக்கிக் காட்டினர் அவ்வாசிரியர்கள்.

'ராக்' என்ற சொல்லைக் கேட்டவுடன் பெற்றோர் சிலர் முகம் சுளிப்பர். நீண்ட முடியும் காது கிழியும் ஓசையுமே அவர்கள் கண்முன் தோன்றும். ஆயின் இவ்விசையின் வேர் எங்குள்ளது என அறிந்தால், தோட்டப்புற மக்களாகிய நமக்கு அது அத்துணை அந்நியமாகத் தோன்றாது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாகவும், பின்னர் கூலிகளாகவும் உழைத்த கறுப்பின மக்கள், வேலைக் களைப்புத் தீரப் பாடிய பாடல்களிலிருந்தும் தேவாலயத்தில் பாடிய பாடல்களிலிருந்தும் 'புளூஸ்' என்னும் இசை பிறந்தது. அப்புளூஸ் இசையே பிற இசை மரபுகளோடு கலந்து, 1950ஆம் ஆண்டுகளில் விரைந்த தாளமும் மின்சாரக் கித்தாரும் பெற்று, ராக் இசையாக வளர்ந்தது. நாற்று நடும்போது நம் முன்னோர் பாடிய பாட்டும் இத்தகைய உழைப்பின் பாட்டே அன்றோ!

அவ்விசை கடல் கடந்து இங்கிலாந்தை அடைந்தபோது நிகழ்ந்த ஒன்றை மாணவர்கள் அவசியம் அறிந்திருத்தல் வேண்டும். 1956ஆம் ஆண்டில் லோனி டானகன் என்பவர் பாடிய 'ராக் ஐலண்ட் லைன்' என்னும் பாடல் அந்நாட்டில் பெரும் புகழ் பெற்றது. அவர் பாடிய முறைக்கு 'ஸ்கிஃபில்' என்று பெயர். அதனை வாசிக்க விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லை. மலிவான கித்தார் ஒன்று, துணி துவைக்கும் வரிப்பலகை ஒன்று, தேயிலைப் பெட்டி ஒன்று ஆகியவை போதும். தேயிலைப் பெட்டியா என வியக்கின்றீர்களா? ஆம். இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் தேயிலை ஏற்றிச் சென்ற ஒட்டுப்பலகைப் பெட்டியைக் கவிழ்த்துவைத்து, அதன் நடுவே கயிறு ஒன்றைக் கோத்து, கயிற்றின் மறுமுனையைத் துடைப்பக் கழி ஒன்றில் கட்டுவர். கழியைச் சாய்த்தால் கயிறு தளரும், நிமிர்த்தினால் இறுகும். கயிற்றைச் சுண்டினால் 'தும், தும்' என்ற ஆழ்ந்த ஒலி எழும். இலங்கையின் மலைத் தோட்டங்களில் அத்தேயிலையைக் கிள்ளிய கரங்கள் தமிழருடையவை. கொழுந்து சென்ற பெட்டி, கடலுக்கு அப்பால் பள்ளிச் சிறுவர்களுக்கு இசைக்கருவியாயிற்று.

லிவர்பூல் நகரில், குவாரி பேங்க் என்னும் பள்ளியில் பயின்ற ஜான் லெனன் 1956ஆம் ஆண்டில் இத்தகைய குழு ஒன்றைத் தொடங்கினார். தம் பள்ளியின் பெயரையொட்டி அதற்குக் 'குவாரிமென்' எனப் பெயரிட்டார். அக்குழுவிலும் தேயிலைப் பெட்டி இருந்தது. துவைக்கும் பலகையும் இருந்தது. லெனனுக்கு முதன்முதலில் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாயார். 1957ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், தேவாலய விழா ஒன்றில் அக்குழு வாசித்தபோது, பதினைந்து வயதுச் சிறுவர் பால் மெக்கார்ட்னி அவர்களைச் சந்தித்தார். மறு ஆண்டு ஜார்ஜ் ஹாரிசன் வந்து சேர்ந்தார். இவர்களே பின்னாளில் 'பீட்டில்ஸ்' என்ற பெயரில் உலகம் போற்றும் குழுவாயினர். அவர்களுக்குப் பள்ளி இசைக்குழு அமைத்துக் கொடுக்கவில்லை, தாமே அமைத்துக்கொண்டனர். எல்லாப் பிள்ளைகளாலும் அவ்வாறு இயலுமா? கித்தார் வாங்கப் பணமும் வாசித்துப் பார்க்க இடமும் இல்லாத பிள்ளை என்ன செய்யும்?

இவ்வினாவுக்கு விடை தேடியவர் அமெரிக்காவைச் சேர்ந்த டேவிட் விஷ் என்னும் ஆசிரியர். கலிபோர்னியா மாநிலத்தில் 1978ஆம் ஆண்டு மக்கள் வாக்களித்து வீட்டு வரியைக் குறைத்தனர். அவ்வரியை நம்பியிருந்த பள்ளிகளின் வருவாய் சுருங்கிற்று. பணம் குறையும்போது முதலில் எதனை நிறுத்துவர்? கணக்கையும் மொழியையும் நிறுத்துவாரில்லை. இசையும் ஓவியமுமே பல பள்ளிகளில் முதலில் குறைக்கப்பட்டன. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியராயிருந்த விஷ், தம் மாணவர்களுக்கு இசை வகுப்பு இல்லாமை கண்டு மனம் வருந்தினார். 1996ஆம் ஆண்டில் பள்ளி முடிந்த பின் தாமே கித்தார் வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். கட்டணம் இல்லை. பிற ஆசிரியர்களும் அதனைக் கண்டு கற்றுக்கொண்டு, தத்தம் பள்ளிகளில் தொடங்கினர். 2002ஆம் ஆண்டில் 'லிட்டில் கிட்ஸ் ராக்' என்னும் அறநிறுவனம் பிறந்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பள்ளிகளுக்குக் கருவிகளும் இலவசமாக வழங்கும் அந்நிறுவனம் 2022ஆம் ஆண்டில் 'மியூசிக் வில்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதனால் இசை பயின்றுள்ளனர்.

அவர் கையாண்ட கற்பித்தல் முறையைச் சற்று விரிவாகக் காண்போம். குழந்தை தாய்மொழியை எவ்வாறு கற்கிறது? அரிச்சுவடியைப் படித்துவிட்டா 'அம்மா' என்கிறது? கேட்கிறது; மழலையில் சொல்லிப் பார்க்கிறது; பிழையாகச் சொன்னாலும் வீட்டார் மகிழ்கின்றனர்; நாளடைவில் திருத்தமாகப் பேசுகிறது; எழுத்து பின்னரே வருகிறது. இசையையும் இவ்வாறே கற்பிக்கலாம் என்றார் விஷ். முதல் நாளிலேயே கித்தாரைக் கையில் கொடுத்து, பிள்ளை முன்பே அறிந்த பாடல் ஒன்றை வாசிக்கச் செய்வது அவர் முறை. இசைக்குறியீடுகளை வாசிக்கும் பாடம் பிறகு வரும். நம் இசை மரபிலும் சரளி வரிசையைக் குருவின் வாய்கேட்டுப் பாடியே பயில்கின்றனர்; ஆதலின் இம்முறை நமக்குப் புதிதன்று.

முதல் நாளிலேயே பாடல் வாசிக்க முடியுமா என்னும் ஐயம் எழலாம். முடியும். சங்கராபரண இராகத்தின் ஏழு சுரங்களை எடுத்துக்கொள்வோம். அவற்றுள் ச, க, ப ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் ஒலித்தால் ஒரு கூட்டுச்சுரம் பிறக்கும். மேனாட்டார் இதனைக் 'கார்டு' என்பர். ம, த, ச ஆகியவற்றைச் சேர்த்தால் இரண்டாவது கார்டு. ப, நி, ரி ஆகியவற்றைச் சேர்த்தால் மூன்றாவது. இம்மூன்றையும் மாற்றி மாற்றி வாசித்தாலே புளூஸ் பாடல்களும் ராக் பாடல்களும் எண்ணிறந்தவற்றுக்குத் துணையாகிவிடும். இரண்டே கார்டுகளில் அமைந்த பாடல்களும் உண்டு. கித்தாரின் ஆறு தந்திகளையும் சிறுவிரலால் அழுத்த இயலாத பிள்ளைக்கு, மெல்லிய தந்திகள் சிலவற்றை மட்டும் வாசிக்கும் எளிய வடிவத்தைக் கற்பிப்பர். விரல் நுனி சில வாரங்கள் வலிக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

இனி, குழுவின் அமைப்பைக் காண்போம். பாடுபவர் ஒருவர், கித்தார் வாசிப்பவர் ஒருவர் அல்லது இருவர், நான்கு தடித்த தந்திகளையுடைய 'பேஸ்' கித்தாரை வாசிப்பவர் ஒருவர், டிரம்ஸ் என்னும் மேளத் தொகுதியை வாசிப்பவர் ஒருவர், சில குழுக்களில் மின்விசைப் பலகை வாசிப்பவரும் இருப்பர். இவற்றுள் பேஸ் கித்தாரின் தொண்டு பலருக்கும் தெரிவதில்லை. அது மேளத்தின் தாளத்தோடு ஒரு காலும் கித்தாரின் சுரத்தோடு ஒரு காலும் வைத்து நிற்கிறது. அதனைத் தனியே கேட்டால் சுவைக்காது. நிறுத்திவிட்டாலோ பாடலே வெறுமையாகிவிடும். கூச்சமுள்ள பிள்ளைக்கு ஏற்ற கருவி அதுவே என்பது எம் கருத்து.

தனியே பயின்றால் ஆகாதா, குழு எதற்கு? தன் அறையில் தனியே வாசிக்கும் பிள்ளை, தவறினால் நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கலாம். குழுவில் அது நடவாது. தாளம் ஒருவருக்காகவும் நிற்பதில்லை. தவறியவர் அடுத்த சமத்துக்குக் காத்திருந்து உள்ளே நுழைய வேண்டும். அதற்குத் தன் கருவியைவிடப் பிறர் கருவியையே உற்றுக் கேட்கவேண்டும். நன்றாக வாசிக்கும் பிள்ளைக்கும் இதில் பாடம் உண்டு. வேகமாக விரலோட்டத் தெரிந்தவன், மூன்றாம் வாரத்தில் சேர்ந்த தோழிக்காகத் தன் வேகத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். இரண்டே கார்டு தெரிந்த அத்தோழி இல்லாவிட்டால் பாடல் நடவாது. வகுப்பறையில் கடைசி வரிசையில் இருப்பவர் விடை சொல்லாவிட்டாலும் பாடம் நடக்கும். இசைக்குழுவில் கடைசி வரிசை என்பதே இல்லை.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1998ஆம் ஆண்டில் தோன்றிய 'ஸ்கூல் ஆஃப் ராக்' என்னும் பயிற்சி நிலையமும் இவ்வுண்மையையே அடிப்படையாகக் கொண்டது. அங்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப்பாடம் உண்டு. அதனோடு குழுப்பயிற்சியும் மேடை நிகழ்ச்சியும் உண்டு. இன்று அதற்குப் பல நாடுகளில் 300க்கும் மேற்பட்ட கிளைகள் உள்ளன. அது கட்டணம் பெறும் நிறுவனம். போர்ட்லண்ட் நகரில் 2001ஆம் ஆண்டில் தொடங்கிய கோடை முகாமோ சிறுமியர்க்கே உரியது. ஒரு வார காலத்தில் சிறுமியர் கருவி பயின்று, குழு அமைத்து, தாமே ஒரு பாடலை இயற்றி, இறுதி நாளில் மேடையேறினர். மேளம் ஆண்பிள்ளைகளுக்கே உரியது என எண்ணும் பெற்றோர் இதனை நினைவிற்கொள்க.

"பாட்டு சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்பர். மரத்தில் பால் எடுத்தும் செம்பனைக் குலை அறுத்தும் பிள்ளையைப் படிக்கவைக்கும் தாய் தந்தையர் கேட்கும் இக்கேள்வியில் தவறேதும் இல்லை. பெரும்பாலோருக்குப் போடாது என்பதே நேர்மையான விடை. கால்பந்து ஆடும் பிள்ளைகள் அனைவரும் நாட்டுக்காக ஆடுவதில்லை. அதற்காகத் திடலைப் பூட்டிவிடுகின்றோமா? போட்டதும் உண்டு. பினாங்கில் தோன்றிய 'அல்லிகேட்ஸ்' இசைக்குழுவை நம் நாட்டில் அறியாதார் குறைவு. ஆறுமுகம் என்னும் தமிழ்ப்பெயரைத் தாங்கிய டேவிட், லோகநாதன் ஆகிய சகோதரர் இருவரும் அக்குழுவில் பாடி, மலாய்ப் பாடல்களால் மூவினத்தாரின் உள்ளத்தையும் கவர்ந்தனர். லோகநாதன் 2007ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் குரலை இன்றும் வானொலியில் கேட்கிறோம்.

பெற்றோர் அஞ்ச வேண்டியது வேறொன்று உண்டு. அது செவிக்கு நேரும் கேடு. ஒலியின் அளவை டெசிபல் என்னும் அலகால் அளப்பர். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் வரையறுத்துள்ளது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி நேரம். 91 என்றால் 2 மணி நேரம். சிறிய அறையில் மின்சாரக் கித்தாரும் டிரம்ஸும் சேர்ந்தால் 100 டெசிபலை எளிதில் எட்டிவிடும். அவ்வளவுக்கு 15 நிமிடமே எல்லை. ஆகவே ஒலிபெருக்கியைத் தணித்து வைத்தலும், காதடைப்பான் அணிதலும், இடையிடையே ஓய்வு கொள்ளுதலும் இன்றியமையாதவை. இழந்த செவிப்புலன் திரும்பி வாராது.

கருவி ஏதுமின்றி இன்றே தொடங்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி தருகிறோம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எனச் சீராக எண்ணுக. ஒன்றுக்கும் மூன்றுக்கும் வலக்காலால் தரையைத் தட்டுக. இரண்டுக்கும் நான்குக்கும் இடக்கையால் மேசையைத் தட்டுக. இவ்விரண்டும் பழகிய பின், வலக்கையால் எண் ஒன்றுக்கு இருமுறையாக எட்டுத் தட்டு தட்டுக. இதுவே டிரம்ஸ் வாசிப்போரின் முதற்பாடம். நாலெண்ணிக்கையை இருமுறை சுற்றினால் நம் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை வந்துவிடும் என்பதையும் கவனிக்க. இரண்டும் நான்கும் அழுத்தம் பெறுவதே ராக் இசையின் தனித்தன்மை. கோயில் திருவிழாவில் உருமி மேளம் கேட்டு வளர்ந்த கைகளுக்கு இது விரைவில் வசப்படும்.

மேசை தட்டும் பிள்ளைகளை நாமும் பலமுறை கண்டித்திருக்கிறோம். அவர்கள் தட்டியது என்ன தாளம் என்று ஒரு முறையும் கேட்டதில்லை. இவ்வாண்டு முதல் கேட்பதாக உள்ளோம். ஆனால் மணி அடித்த பிறகு.