தட்டைச்சுற்றும் உருளைச்சுற்றும்

பேஸ் கிற்றார் பயிலத் தொடங்கும் மாணவர், கருவியைத் தெரிவதிற் காட்டும் கவனத்தை அதன் தந்திகளைத் தெரிவதிற் காட்டுவதில்லை. கடையில் எது உளதோ அதனையே வாங்கிப் பூட்டுகின்றனர். பின்னர், தாம் கேட்டு வியந்த ஒலி தம் கருவியில் எழவில்லையே என வருந்திக் கருவியையே மாற்ற எண்ணுகின்றனர். குறை பெரும்பாலும் தந்தியிலேயே உளது. அதனைத் தீர்க்கக் கருவியின் விலையில் ஒரு சிறு பங்கே போதும். ஆதலின் இதனைச் சிறிது ஆராய்வாம். கிற்றாரை ஓர் இசைக்கருவியென ஒப்பாத பழைய மாணவரும் எம்முள் உளர், அவர் பொறுத்தருள்க.

தந்தியைச் சுற்றுவது எற்றுக்கு? நான்கு தந்தி பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி செக்கனுக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்வது. அதிரும் நீளமோ வழக்கமாக 34 அங்குலமே. இத்துணைக் குறுகிய நீளத்தில் இத்துணைத் தாழ்ந்த சுரம் பிறக்கத் தந்தி கனத்தல் வேண்டும். தனிக் கம்பியையே தடிப்பாக்கினால் அது தந்தியாகாது, கோலாகிவிடும். அதன் விறைப்பினால் மேற்றொனிகள் தத்தம் இடத்தினின்றும் உயர்ந்து சுருதி கெடும். ஆகவே மெல்லிய உருக்குக் கம்பியொன்றை நடுவில் வைத்து, அதன்மேல் வேறு கம்பியைச் சுற்றிக் கனத்தை ஏற்றுவர். வீணையின் மந்தரமும் அனுமந்தரமும் சுற்றிய தந்திகளாயிருத்தற்கும் காரணம் இதுவே.

சுற்றும் கம்பியின் வெட்டுமுகம் வட்டமாயின் அஃது உருளைச்சுற்று. நாடாவைப்போல் தட்டையாயின் தட்டைச்சுற்று. கடைக்காரர் முன்னதை ரவுண்ட்வவுண்ட் என்றும் பின்னதை பிளாட்வவுண்ட் என்றும் வழங்குவர். உருளைச்சுற்றை நகத்தால் வருடினால் திருகாணியின் புரியை வருடியது போன்றிருக்கும். விரல் வழுக்கும்போது கீச்சென்ற ஒலியும் எழும். தட்டைச்சுற்று வழுவழுப்பானது, கையோட்டம் செவிக்குத் தெரியாது. இன்னும், தட்டை நாடாவின் சுற்றுக்கள் நெருங்கி ஒன்றையொன்று அழுத்தி நிற்றலின், உயர்ந்த மேற்றொனிகள் விரைவில் அடங்கிவிடும். எஞ்சுவது திரண்ட, குறுகி முடியும் ஒலி. உருளைச்சுற்றிலோ மேற்றொனிகள் நெடுநேரம் நின்று, மணி போன்ற தெளிவைத் தரும்.

லியோ பெண்டர் 1951இல் பிறிசிஷன் பேஸ் கிற்றாரை வெளியிட்டபின், அதனைக் கையிலெடுத்தோர் பலர் டபிள் பேஸ் எனும் பெருங்கருவியிற் பழகியவர். அப்பழக்கத்திற்குத் தட்டைச்சுற்றே ஒத்தது. 1966 அளவில் 'த ஹூ' குழுவின் ஜோன் என்ட்விசில், பியானோவின் தாழ்ந்த தந்திகளைப்போல் முழங்கும் ஒலியை விரும்பி, இங்கிலாந்தின் ரொட்டோசவுண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து உருளைச்சுற்றுத் தந்திகளைச் செப்பஞ்செய்வித்தார். அதன்பின் உருளைச்சுற்றே பெருவழக்காயிற்று.

இதனாற் சிலர் தட்டைச்சுற்றைப் பழமை என்றும், மழுங்கிய ஒலியுடையது என்றும் தள்ளுவர். இக்கருத்து எமக்கு உடன்பாடன்று. டெட்ரொயிட் நகரின் மோட்டவுன் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனை நோக்குக. அவர் 1962ஆம் ஆண்டுப் பிறிசிஷன் பேஸ் ஒன்றில் தடித்த தட்டைச்சுற்றுத் தந்திகளைப் பூட்டி, அவை அறுந்தாலன்றி மாற்றாதிருந்தார். பாலத்தின் மூடிக்கடியில் ஸ்பஞ்சும் வைத்திருந்தார். வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டினார். ஸ்டீவி வொண்டர் 1967இல் பாடிய 'ஐ வோஸ் மேட் டு லவ் ஹேர்' எனும் பாட்டைக் கேட்பார்க்கு, ஓடித் திரியும் அந்தப் பேஸ் மழுங்கியது என்னும் எண்ணம் தோன்றாது. ஒவ்வொரு சுரமும் வேளைக்கு முடிந்து அடுத்ததற்கு இடம் விடுவதே அதன் அழகு. தட்டைச்சுற்று ஒளிராது என்பதும் முற்றும் உண்மையன்று. அயன் மெய்டன் குழுவின் ஸ்டீவ் ஹரிஸ் தட்டைச்சுற்றையே பூட்டி, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிதாக மாற்றிப் பேரொலிக்கிடையே உலோகக் கூர்மையோடு வாசிப்பவர். ஆகவே தந்தியின் வயதும் அதன் வகையளவு முக்கியமே.

நிற்க, மாணவர் செய்யவேண்டுவது யாது? தம் குழுவில் வேறு யார் யார் ஒலிக்கின்றனர் என்பதை முதலில் எண்ணுக. இரண்டு கிற்றாரும் விசைப்பலகையும் சேர்ந்து மேல் ஒலிகளை நிரப்பும் குழுவில், பேஸும் அங்கே சென்று நெருக்குதல் வீண். தட்டைச்சுற்று கீழே தனி இடம் பிடித்துக்கொள்ளும். பேஸே பாட்டின் முன்னணியில் நிற்குமிடத்து உருளைச்சுற்று வேண்டும். சிறிய ஒலிபெருக்கியே கிடைக்கும் மண்டபத்திலும் அதுவே நன்று. செக்கனுக்கு 41 முறை அதிரும் சுரத்தை அத்தகைய பெட்டி வெளியிடமாட்டாது; ஆயின் மேற்றொனிகள் கேட்குமாயின், இல்லாத அடிச்சுரத்தையும் செவி தானே ஊகித்துக்கொள்ளும்.

செலவையும் நோக்குக. தட்டைச்சுற்று வாங்கும்போது விலை கூடியது. ஆனால் அழுக்குத் தங்கும் பள்ளம் குறைவாதலின் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். உருளைச்சுற்றின் பள்ளங்களில் வியர்வை படியும். நாள்தோறும் வாசிப்பவர் கையில் சில கிழமைகளிலேயே அதன் பொலிவு போகும். எம்மூர் வெப்பத்துக்கும் உப்புக்காற்றுக்கும் சொல்ல வேண்டியதில்லை. பழந்தந்தியை நீரிற் கொதிக்கவைத்து அழுக்கை நீக்குவாரும் உளர். அவ்வுயிர்ப்புச் சில நாளே நிற்கும். கறையில் உருக்கினாற் சுற்றிய உருளைச்சுற்று, நிக்கல் கலந்த மென்மையான மெட்டுகளை வேகமாகத் தேய்க்கும் என்பதும் நினைவிலிருத்தற்குரியது. மெட்டில்லாத கருவியில் அது மரத்தையே அறுக்கும். ஜாக்கோ பாஸ்டோரியஸ் தம் மெட்டில்லாப் பேஸின் விரற்பலகைக்குப் படகுகளுக்குப் பூசும் எப்பொக்சியைப் பூசியது இக்காரணம் பற்றியே.

ஒரு கருவியே உள்ள மாணவர் குழுவுக்குத் தட்டைச்சுற்றையே யாம் பரிந்துரைப்போம். ஆயின் ஓர் எச்சரிக்கை. தட்டைச்சுற்றுத் தந்திகள் பெரும்பாலும் கூடிய இழுவையுடையன. மாற்றியவுடன் கருவியின் கழுத்து முன்வளைந்து, தந்தி உயர்ந்து, விரல் நோகும். இதனைத் தந்தியின் குற்றமென எண்ணிக் கழற்றியெறிந்தோர் பலர். கழுத்தினுள்ளே இருக்கும் உருக்குத் தண்டைக் காற்சுற்றுக்கு மேற்படாமல் திருகி, ஒருநாள் விட்டு மீண்டும் பார்த்தல் முறை. தடிப்புக் கூடிய தந்தியாயின் தலைப்பக்கத்துப் பள்ளங்களில் அது அமர்கிறதா என்றும் பார்க்க. ஒரு மாதமேனும் வாசித்த பின்னரே முடிவு செய்க. அதுவரை, கழற்றிய தந்திகளைச் சுருட்டி உறையிலிட்டு வைத்திருத்தல் நன்று. மனம் ஒவ்வாதாயின் மீளப் பூட்டலாம்.