திரை இருண்டால்...

கணிப்பொறித் திரையில் ஒன்றும் வராவிட்டால், "போயிற்று, ஃபார்மட் செய்ய வேண்டியதுதான்" என்று சொல்லிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். லினக்ஸைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் அவசர முடிவு என்பதைச் சென்ற பருவத்தில் எங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் அறிந்தேன்.

1991-ல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ், கெர்னல் எனப்படும் உட்கரு மட்டுமே. நாம் காணும் சாளரங்கள் அதன்மேல் ஓடும் தனி நிரல்கள். அவற்றுக்கு அடிப்படையான எக்ஸ் சாளர அமைப்பு, லினக்ஸுக்கும் முந்தியது. 1984-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தோன்றியது. எனவே திரை நின்றாலும் உட்கரு உயிரோடிருக்கலாம். திரைச்சீலை சிக்கிக்கொண்டதற்காக நாடகக் குழுவே ஊரைவிட்டுப் போய்விட்டது என்று கருதலாமா?

எங்கள் கணிப்பொறியில் இருந்தது சுபுண்டு 18.04. ஒரு திங்கட்கிழமை, கடவுச்சொல் கொடுத்ததும் திரை ஒரு நொடி இருண்டு, மீண்டும் கடவுச்சொல்லே கேட்டது. மூன்றாமாண்டு மாணவர் நால்வரின் நிறமாலைமானி அளவீடுகள் அதற்குள் இருந்தன, நகல் இல்லை. மறுநாள் ஃபார்மட் செய்வதென்று முடிவாகியிருந்தது. பேராசிரியரிடம் கெஞ்சி ஒரு மாலை நேரம் வாங்கினேன்.

கடவுச்சொல் திரை வருகிறதென்றால் மானிட்டரும் கம்பியும் நலம். (அதுவும் வராவிட்டால் முதலில் கம்பியைப் பாருங்கள்; பிறகு, தொடக்கப் பட்டியலில் 'நோமோட்செட்' என்னும் சொல்லைச் சேர்த்துப் பார்க்கலாம்.) கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை ஒருசேர அழுத்தினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துக்கள் வந்தன. உள்ளே நுழைய முடிந்தது. அப்போதே அளவீடுகளைப் பென்டிரைவில் நகலெடுத்துவிட்டேன். இதை மட்டும் சரியாகச் செய்தேன்.

அடுத்து அவசரப்பட்டேன். 'சூடோ ஸ்டார்ட்எக்ஸ்' என்று தட்டினேன். படத்திரை வந்தேவிட்டது! நண்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுதொடக்கம் செய்தால் பழைய கதைதான்.

பிறகுதான் 'டிஎஃப் -ஹெச்' கட்டளையால் வட்டின் இடத்தைப் பார்த்தேன். 100 விழுக்காடு நிரம்பியிருந்தது. எக்ஸ் தொடங்கும்போது 'எக்ஸ்அதாரிட்டி' என்னும் சிறு கோப்பில் அனுமதிச் சீட்டு ஒன்று எழுதப்பட வேண்டும். இடமில்லாமல் எழுத முடியவில்லை. அப்படியானால் எனக்கு மட்டும் எப்படித் திரை வந்தது? இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை வழக்கமாக 5 விழுக்காட்டு இடத்தை 'ரூட்' என்னும் தலைமைப் பயனருக்கென ஒதுக்கி வைக்கிறது. 'சூடோ' போட்டதால் நான் அந்த ஒதுக்கீட்டில் புகுந்துவிட்டேன்.

இடத்தை விழுங்கியது 'சிஸ்லாக்' என்னும் நாட்குறிப்புக் கோப்பு. வலையமைப்பு அட்டையொன்று தன் செருகுவாயில் சரியாகப் பொருந்தாமல், ஒரே பிழைச் செய்தியை ஓயாமல் எழுதவைத்துக்கொண்டிருந்தது. இக்கோப்பை நீக்கினால் போதும் என்று நினைக்க வேண்டாம். எழுதும் நிரல் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை இடம் விடுபடாது. 'ட்ரன்கேட்' கட்டளையால் அளவைச் சுழியமாக்க வேண்டும். அவ்வாறே செய்து, அட்டையையும் கழற்றித் துடைத்துச் செருகினோம்.

மீண்டும் கடவுச்சொல். மீண்டும் இருள். மீண்டும் கடவுச்சொல்! மணி ஆறரை, ஆய்வக உதவியாளர் சாவிக்கொத்தோடு வாசலில் நின்றார்.

'எல்எஸ் -எல்ஏ' போட்டு வீட்டுக் கோப்புறையை வரிவரியாகப் படித்தேன். எக்ஸ்அதாரிட்டியின் உரிமையாளர் என்ற இடத்தில் 'ரூட்' என்றிருந்தது. சுபுண்டுவின் அந்தப் பதிப்பில் 'சூடோ' போட்டாலும் வீட்டுக் கோப்புறை மாறுவதில்லை. ஆகவே மாலையில் நான் தட்டிய கட்டளை, பயனரின் அனுமதிச் சீட்டைத் தலைமைப் பயனர் பெயருக்கு எழுதி வைத்துவிட்டது! இரண்டாவது கோளாறு நானே உண்டாக்கியது. 'சோன்' கட்டளையால் உரிமையாளரை மாற்றினேன். திரை வந்தது.

ஆய்வகப் பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தை நிரப்பச் சொன்னார் பேராசிரியர். வட்டு நிரம்பியதை எழுதிவிட்டுச் சற்றுத் தயங்கினேன். பிறகு இரண்டாவதையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.