டிரெட்மில் வாங்கும் முன்

விளம்பரத்தில் '4 எச்.பி.' என்று கொட்டை எழுத்தில் இருந்தால் மயங்க வேண்டாம். பெரும்பாலும் அது மோட்டார் சிறிது நேரமே தாங்கும் உச்சத் திறன். தொடர்ந்து ஓடும்போது எவ்வளவு என்று கேளுங்கள். நடக்க மட்டும் என்றால் 1.5 முதல் 2 எச்.பி. போதும்; மெல்லோட்டத்துக்கு 2 முதல் 2.5.

நடைக்கு 40 செ.மீ. அகல பெல்ட் சமாளிக்கும். ஓடுபவருக்கு 45 செ.மீ. அகலமும் 120-க்குக் குறையாத நீளமும் வேண்டும். நெட்டையானவருக்கு அதுவும் பற்றாது. கடையிலேயே ஷூ போட்டு ஐந்து நிமிடம் ஓடிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை இருக்கிறது.

எடை வரம்பு, வீட்டிலேயே அதிக எடை உள்ளவரைவிட 20 கிலோவாவது கூடுதலாக இருக்கட்டும். சட்டையில் மாட்டும் பாதுகாப்புச் சாவி அவசியம். ஸ்பீக்கர், மசாஜர் போன்ற இலவச இணைப்புகளைவிட, கூப்பிட்டால் வரும் சர்வீஸ் ஆள் மேல்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாதீர்கள்; 16 ஆம்ப் பாயின்ட் தனியாக வேண்டும். மாடி வீடென்றால் அடியில் ரப்பர் பாய் விரியுங்கள், கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார். பெல்ட்டுக்கு அடியில் விடுவது சிலிகான் எண்ணெய் மட்டுமே, தேங்காய் எண்ணெய் கூடாது.