வாடிக்கையாளருக்கு வாரம் ஒரு குறிப்பு

மரக்காணம் கடற்கரையில் உப்பும், அதையடுத்த மணற்பாங்கான நிலங்களில் தர்பூசணி, நிலக்கடலை, சவுக்கு ஆகியவையும் முக்கிய விளைபொருள்களாகும். இவற்றை நன்கு விளைவிக்கத் தெரிந்த சிறு விவசாயி, விற்பனை நேரத்தில் மட்டும் பெயரில்லாதவர் ஆகிவிடுகிறார். வியாபாரி எடைபோட்டு லாரியில் ஏற்றியவுடன், அது யாருடைய தோட்டத்துப் பழம், யாருடைய பாத்தியில் வாரிய உப்பு என்பது மறைந்துவிடுகிறது. கவனமாக விளைவித்தவருக்கும் அசட்டையாக விளைவித்தவருக்கும் ஒரே விலைதான் கிடைக்கிறது. இந்நிலையை ஓரளவு மாற்ற, அதிகச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. வாங்குவோருக்கு வாரந்தோறும் நான்கு வரிக் குறிப்பு எழுதுவதே அது.

2025 தரும் பாடம்

2025 ஆம் ஆண்டு கோடையில், தர்பூசணிக்குச் சாயம் ஏற்றப்படுவதாகக் கூறும் வீடியோ படங்கள் தமிழகமெங்கும் பரவின. மக்கள் பழம் வாங்கத் தயங்கினர், விலை வீழ்ந்தது, அறுவடைக்குத் தயாராக இருந்த தோட்டங்கள் நஷ்டத்துக்கு உள்ளாயின. தர்பூசணியின் சிவப்பு நிறம் தக்காளியிலும் உள்ள லைகோபீன் என்ற இயற்கை நிறமியால் வருவது. ஊசி குத்திய பழம் விரைவில் அழுகிவிடும். விளைவித்தவர்களுக்கு இது தெரிந்ததே. ஆயினும் வாங்குவோருக்கு விளைவித்தவர் யாரென்றே தெரியாதபோது, யாருடைய சொல்லை நம்புவது? வதந்தி வந்தபின் விளக்கம் சொல்வதைவிட, அதற்கு முன்பே தோட்டத்தின் செய்தியை வாங்குவோர் அறிந்திருக்கச் செய்வது பயன் தரும்.

பழகிய குரலுக்கே மதிப்பு

மரக்காணத்துக்குத் தெற்கே புதுச்சேரிப் பகுதியில், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 இல் வில்லியனூரைத் தலைமையிடமாகக் கொண்டு கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பு ஒலிபெருக்கி மூலம் சொல்லப்பட்டது. ‘நம்ம ஊரு செய்தி’ என்ற இதழும் வெளியிடப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் கிடைத்த எச்சரிக்கையை நல்லவாடு கிராமத்தார் தங்கள் மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்து, ஊர் மக்களை வெளியேறச் செய்தனர். அன்றாடம் பயனுள்ள செய்தி சொல்லிப் பழகிய சாதனம் ஆபத்து நேரத்திலும் உதவியது என்பது இதிலிருந்து தெரிகிறது.

வெளிநாட்டிலும் இத்தகைய உதாரணம் உண்டு. ஜான் டீர் என்ற அமெரிக்க விவசாயக் கருவி நிறுவனம் 1895 இல் ‘தி ஃபர்ரோ’, அதாவது ‘உழவுசால்’ என்ற இதழைத் தொடங்கியது. அது இன்றும் வெளிவருகிறது. கருவியைப் புகழ்வதைவிடச் சாகுபடிச் செய்திகளே அதில் மிகுதி. பெரிய நிறுவனம் கையாளும் இம்முறையை அரை ஏக்கர் தர்பூசணி வைத்திருப்பவரும் கையாளலாம்.

எதை எழுதுவது?

வாங்குவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விக்கான பதிலே நல்ல குறிப்பாகும். எப்போது விதைத்தது, எப்போது பறிப்பது, என்ன உரம் இட்டது, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், என்ன விலை என்பவற்றை எழுதலாம். ‘மிகச் சிறந்த பழம், முதல்தரப் பழம்’ என்று எழுதுவதால் பயனில்லை. எல்லாரும் அப்படியே சொல்கின்றனர். குறையையும் மறைக்காமல் எழுத வேண்டும். கீழ்க்கண்ட மாதிரியைப் பின்பற்றலாம்.

‘டிசம்பர் கடைசி வாரம் விதைத்த தர்பூசணி, வரும் சனிக்கிழமை முதல் பறிப்பு. எடை 3 முதல் 5 கிலோ. தரையில் படிந்த பக்கம் மஞ்சளாக இருக்கும். அது முதிர்ச்சியின் அடையாளம். கடும் வெயிலால் சில பழங்களின் தோல் வெளுத்துள்ளது. அவை தனியாக, குறைந்த விலைக்கு. காலை 6 முதல் 10 மணி வரை சாலையோரக் கொட்டகையில் கிடைக்கும்.’

வெளுத்த தோலைப் பற்றிய வரியே இக்குறிப்பின் உயிர். குறையைத் தானே சொல்பவர் நிறையைச் சொல்லும்போது நம்பப்படுகிறார். அடுத்த வாரம், பழத்தின் அருகிலுள்ள பற்றுக்கம்பி காய்வதையும், தட்டினால் மந்தமான ஓசை வருவதையும் கொண்டு முதிர்ச்சியை அறியும் முறையை எழுதலாம். நிலக்கடலை விற்பவர், மணியின் ஈரப்பதம் சுமார் 8 சதமாகக் குறையும்வரை உலர்த்துவது ஏன் என்பதையும், பூஞ்சணம் பிடித்த கடலையை ஏன் ஒதுக்க வேண்டும் என்பதையும் விளக்கலாம்.

உப்பு உற்பத்தியாளருக்கு

உப்பளத்தில் எழுத வேண்டிய செய்தி ஏராளம். கடல்நீரின் அடர்த்தி சுமார் 3 டிகிரி போமே. வெயிலில் வற்றி 25 டிகிரியை ஒட்டி வரும்போது உப்பு படியத் தொடங்குகிறது. 29, 30 டிகிரியை நெருங்கும்போது எஞ்சும் கசப்புநீரை வடித்துவிட வேண்டும். தவறினால் மக்னீசிய உப்புகள் கலந்து, உப்பு கசப்பதோடு ஈரமும் இழுக்கும். எந்தத் தேதியில் வாரியது, கசப்புநீர் வடிக்கப்பட்டதா, எத்தனை நாள் உலர்ந்தது என்ற மூன்று வரிகள், கருவாடு போடுவோருக்கும் தோல் பதனிடுவோருக்கும் பயனுள்ள செய்தியாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். நேரடியாக உண்பதற்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்பதற்கு இந்தியாவில் 2006 மே மாதம் முதல் தடை உள்ளது. அயோடின் சேர்க்கும் ஆலை, கால்நடைத் தேவை, பதப்படுத்துதல், தொழிற்சாலை ஆகியவற்றுக்கு, உரிய விவரச்சீட்டுடன் விற்கலாம். எனவே பாத்தியிலிருந்து வாரிய உப்பை ‘சமையலுக்கு உகந்த இயற்கை உப்பு’ என்று எழுதி விற்பது சட்டத்துக்குப் புறம்பானது. எந்தப் பயனுக்கான உப்பு என்பதைக் குறிப்பிலேயே தெளிவாக எழுத வேண்டும்.

செய்முறை

1. முதலில் ஒரு 80 பக்க நோட்டில் தேதியிட்டு எழுதிப் பழக வேண்டும். பண்ணைக் கணக்கு எழுதும் நேரமே இதற்கும் போதும்.

2. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடை போடுவோர், அதே குறிப்பைக் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்.

3. வாங்கியவர்களின் சம்மதம் பெற்று அவர்களது எண்களைக் கைப்பேசியில் சேர்த்து, வாட்ஸ்அப் மூலம் குறிப்பை அனுப்பலாம். ஒரே செய்தியைப் பலருக்கு ஒருங்கே அனுப்பும் வசதியில், அனுப்புபவரின் எண்ணைத் தமது கைப்பேசியில் பதிந்து வைத்துள்ளோருக்கு மட்டுமே செய்தி சேரும். ஆகவே எண்ணைப் பதிந்துகொள்ளும்படி முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

4. கைப்பேசிச் செய்தி நாளடைவில் மறைந்து போகும். பழைய குறிப்புகள் நிலைத்திருக்க விரும்புவோர், இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் வலைப்பதிவுப் பக்கம் ஒன்றைத் தொடங்கலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இதற்கு உதவுவர்.

5. குறிப்பு வெளிவரும் கிழமை மாறக்கூடாது. பறிப்பு இல்லாத வாரத்திலும் ‘இந்த வாரம் பழம் இல்லை’ என்று இரண்டு வரி எழுத வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

நோயைக் குணமாக்கும் என்று எழுதக்கூடாது. அங்ககச் சான்று பெறாதவர் ‘அங்ககப் பொருள்’ என்று பெயரிடாமல், இட்ட எருவையும் தெளித்த மருந்தையும் உள்ளபடி எழுதுவது நலம். கையிருப்புக்கு மேல் ஆர்டர் பிடித்துவிட்டு, வெளியில் வாங்கிக் கொடுப்பதை அறவே தவிர்க்க வேண்டும். ஒருமுறை அது வெளிப்பட்டால், ஓராண்டு எழுதியது முழுவதும் வீணாகும். பிறர் தோட்டத்துப் படத்தைத் தமது என்று போடுவதும் அவ்வாறே.

எல்லாப் பொருளுக்கும் இம்முறை பொருந்தாது. சவுக்கு மரத்தை ஒரே தடவையில் டன் கணக்கில் விற்பவருக்கு வாரக் குறிப்பால் பெரும் பலன் இல்லை; அவர் பல இடங்களில் விலை விசாரிப்பதே முக்கியம். தர்பூசணியிலும் முழு விளைச்சலைச் சில்லறையாக விற்றுவிட முடியும் என்று எண்ணி, வியாபாரியை ஒதுக்கிவிடக்கூடாது. பழம் காத்திருக்காது. முதல் பருவத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் நேரடி விற்பனைக்கு ஒதுக்கிப் பார்ப்பது பாதுகாப்பானது.

பலனை அறிய, யார் மறுமுறை வந்து வாங்கினார்கள் என்பதை அதே நோட்டில் குறித்து வர வேண்டும். நேரடி விற்பனையில் கிலோவுக்குக் கூடுதலாகக் கிடைத்த தொகையிலிருந்து பை, போக்குவரத்து, செலவிட்ட நேரத்துக்கான கூலி ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தால் உண்மை நிலை விளங்கும். மிச்சம் இருந்தால் அடுத்த பருவத்தில் பங்கைச் சற்று உயர்த்தலாம்.

விவசாயப் பெருமக்கள் விதைக்கும் நாளிலேயே முதல் குறிப்பையும் எழுதத் தொடங்கினால், பழம் சந்தைக்கு வருவதற்கு முன்பே அதன் வரலாறு வாங்குவோரின் வீட்டுக்குச் சென்றிருக்கும்.