ஆள் காணாத கடையும் சட்டத்தின் கணக்கும்

கேள்வி: லோறென்ஸ்கூக்கில் ஒரு துணிக்கடையில் 40 வீத வேலை ஒப்பந்தத்தில் இருக்கிறேன். முன்பு நான்கு பேர் நின்ற கடையில் இப்போது இரண்டு பேர். சில மாலைகளில் நான் மட்டும்தான். துணி வெட்டுவதும் காசு எடுப்பதும் என் பாடு. சாப்பாட்டு இடைவேளைக்கு வெளியே போக முடியாது, அந்த அரை மணிக்குச் சம்பளமும் இல்லை. வேலை அட்டவணை முதல்நாள் மாலை குறுஞ்செய்தியில் மாறும். ஒரு வருடத்துக்கு மேலாகக் கிழமைக்கு ஒன்றிரண்டு நாள் மேலதிகமாகவும் கூப்பிடுகிறார்கள். முகாமையாளரிடம் சொன்னால், "எல்லாக் கடையிலும் இதுதான் நிலைமை" என்கிறார். ஆள் எடுக்கும்படி சட்டப்படி வற்புறுத்த முடியுமா?
– வாசகி, லோறென்ஸ்கூக்

பதில்: நீங்கள் கேட்டபடியே கேட்டால் பதில், முடியாது என்பதுதான். ஒரு கடையில் இத்தனை பேர் நிற்க வேண்டும் என்று நோர்வேயின் தொழிற்சூழல் சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் பதிலும் மாறும். ஆள் குறைவதைச் சட்டம் தலை எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தக் குறை எடுத்துக்கொள்ளும் இடைவேளையையும் ஓய்வையும் நேரத்தையும் வைத்துத்தான் பார்க்கிறது. தமிழ்நாட்டுத் துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்தவர்களுக்காக 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டபோதும் இதுவே நடந்தது. ஊழியரைக் கருணையோடு நடத்துங்கள் என்று அந்தத் திருத்தம் சொல்லவில்லை. உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்றது. கருணை இல்லை என்பதை நிறுவுவது கடினம், நாற்காலி இல்லை என்பதை நிறுவுவது எளிது. உங்கள் கடையிலும் அப்படி எண்ணிக் காட்டக்கூடியவற்றைத் தேடுவோம்.

முதலில் அந்த அரை மணி. துணிக்கடை மற்றக் கடைகளைப் போன்றதல்ல; வாடிக்கையாளர் தானே எடுத்துக்கொண்டு காசாளர் மேசைக்கு வர முடியாது, ஒருவர் றோலை விரித்து அளந்து வெட்டிக் கொடுத்தாக வேண்டும். எனவே தனியாக நிற்பவருக்கு இடைவேளை என்பது பெயருக்குத்தான். வேலை ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் இடைவேளை கொடுக்க வேண்டும். எட்டு மணி நேரமாவது வேலை செய்யும் நாளில் அது மொத்தம் அரை மணிக்குக் குறையக் கூடாது. அந்த நேரத்தில் வேலையிடத்தை விட்டு விரும்பியபடி வெளியேற முடியாவிட்டால் அது வேலை நேரமாகவே கணக்கிடப்படும் என்று தொழிற்சூழல் சட்டத்தின் 10-9ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது அதற்குச் சம்பளம் உண்டு. சம்பளக் கோரிக்கைக்குப் பொதுவான காலவரம்பு மூன்று ஆண்டு என்பதால், நீங்கள் தனியாக நின்ற பழைய நாட்களுக்கும் கேட்க இடமிருக்கிறது. முழுநேரமாக வேலை செய்யும் சக ஊழியர் இருந்தால் அவருடைய ஓவர்டைமையும் பாருங்கள். வழமைக்கு மாறான, குறுகிய காலத் தேவைக்கு மட்டுமே சட்டம் அதை அனுமதிக்கிறது. பொது வரம்பு கிழமைக்கு 10 மணி, தொடர்ந்த நான்கு கிழமைக்கு 25 மணி, வருடத்துக்கு 200 மணி. மாதக்கணக்கில் ஆள் இல்லாமல் ஓடும் கடை அதைக் குறுகிய காலத் தேவை என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, நிர்வாகம். திறமையற்ற முகாமையாளராக இருப்பது சட்டமீறல் அல்ல. ஆனால் வேலையால் வரக்கூடிய பாதிப்புகளை ஆராய்ந்து, திட்டம் போட்டுக் குறைப்பது முதலாளியின் கடமை என்கிறது 3-1ஆம் பிரிவு. மனநலம் சார்ந்த சுமையைக் காட்ட முடியாதே என்று முன்பு தயங்கியவர்களுக்கு, 2026 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 4-3ஆம் பிரிவின் திருத்தம் கைகொடுக்கிறது. தெளிவற்ற, ஒன்றுக்கொன்று முரணான எதிர்பார்ப்புகள், மனிதரோடு வேலை செய்வதில் வரும் உணர்ச்சிச் சுமை, செய்ய வேண்டிய வேலைக்கும் கிடைக்கும் நேரத்துக்கும் இடையிலான சமமின்மை, வேலையில் கிடைக்கும் உதவியும் ஆதரவும் ஆகியவற்றை அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வெட்டும் மேசையிலும் காசாளர் மேசையிலும் ஒரே நேரத்தில் நில் என்பது அந்தப் பட்டியலுக்கு வெளியே இல்லை. அட்டவணையும் அப்படித்தான். நாளுக்கு நாள் மாறும் வேலை நேரத்துக்கு அட்டவணை போட்டு, அது நடைமுறைக்கு வர இரண்டு கிழமைக்கு முன்பாவது ஊழியர் பிரதிநிதிகளோடு பேச வேண்டும் என்பது 10-3. 2024 ஜூலை முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களில் வேலைமுறை மாற்றம் எப்படி நடக்கும் என்பதும் எழுதப்பட வேண்டும். உங்களுடையது பழையதென்றால் சேர்த்துத் தரும்படி கேட்கலாம்.

மூன்றாவதுதான் உங்கள் கையில் இருக்கும் மிகப் பலமான வாதம். ஆள் காணாது என்று சொல்லும் அதே கடை உங்களை 40 வீதத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வருடத்துக்கு மேலாக மேலதிக நாட்களுக்குக் கூப்பிடுகிறது. கடந்த 12 மாதத்தில் ஒப்பந்தத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்த பகுதிநேர ஊழியருக்கு, உண்மையில் செய்த நேரத்துக்கு ஈடான வேலை வீதத்தைக் கேட்கும் உரிமையை 14-4a பிரிவு தருகிறது. அந்தத் தேவை இனி இல்லை என்று முதலாளி ஆதாரம் காட்டினால் மட்டுமே மறுக்கலாம். புதிதாக ஆள் எடுக்க முன்வந்தாலும், தகுதி இருந்தால் 14-3இன்படி முதல் உரிமை உங்களுக்குத்தான். மறுத்தால் தகராறு தீர்வுச் சபைக்குப் போகலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, ஆறப்போட வேண்டாம்.

முதலாளி தரப்பிலிருந்து இரண்டு மறுப்புகள் வரும். கடையை எப்படி நடத்துவது என்பது தன் நிர்வாக உரிமை என்பது ஒன்று. உரிமை உண்டுதான்; ஆனால் சட்டமும் ஒப்பந்தமும் அதற்கு வேலி. நியாயமான அடிப்படை இல்லாமல், தான்தோன்றித்தனமாக அதைப் பயன்படுத்த முடியாது என்று 2001இல் கோர்ஸ்தோ வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. விற்பனை குறைந்துவிட்டது, ஆள் போட்டால் கடை மூட வேண்டியதுதான் என்பது மற்றது. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நட்டத்தில் ஓடும் கடைக்கு ஆள் எடு என்று எந்த நீதிமன்றமும் கட்டளையிடாது. ஆனால் முதலாளிக்கு வேறு வழிகளும் உண்டு: திறந்திருக்கும் நேரத்தைக் குறைக்கலாம், துணி வெட்டும் சேவையைச் சில மணி நேரத்துக்கு மட்டுப்படுத்தலாம், இடைவேளைக்குக் கதவைப் பூட்டலாம். ஆள் குறைவின் செலவை உங்கள் அரை மணியிலிருந்து எடுப்பதைத்தான் சட்டம் தடுக்கிறது. டொக்டரிடம் சீட்டு வாங்கி வீட்டில் இருங்கள் என்பவர்களும் உண்டு. உடம்பு முடியாவிட்டால் அது உங்கள் உரிமை. ஆனால் நோய் விடுப்பு அட்டவணையை மாற்றாது. எஞ்சி நிற்பவரின் சுமையைத்தான் கூட்டும்.

வேலை போய்விடுமோ என்ற பயமே பலரை வாய்மூட வைக்கிறது. கடையில் நடக்கும் சட்டமீறலை நிறுவனத்துக்குள் முறையிடுபவரைப் பழிவாங்குவதை 2A-4 தடுக்கிறது. பழிவாங்கல் என்று நம்ப இடமிருந்தால், அப்படியில்லை என்று நிறுவும் பாரம் முதலாளிமேல் விழும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உங்கள் சொந்த வேலை நிபந்தனையைப் பற்றி மட்டும் முறையிட்டால் அந்தப் பாதுகாப்புக் கிடைக்காமல் போகலாம். எனவே வேலை வீதம் கேட்கும் கடிதம் ஒன்று, கடையின் இடைவேளையும் அட்டவணையும் பற்றிய முறைப்பாடு வேறொன்று என்று தனித்தனியாக எழுதுங்கள்.

இன்றிலிருந்தே திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், யார் யார் நின்றார்கள், இடைவேளை கிடைத்ததா என்று குறித்து வையுங்கள்; அட்டவணை மாறிய குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். 2024 ஜனவரி முதல் ஐந்து பேராவது வேலை செய்யும் நிறுவனத்தில் பாதுகாப்புப் பிரதிநிதி, அதாவது வேர்ன ஒம்பூட், இருக்க வேண்டும். உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து வந்தால் மட்டுமே அவர் வேலையை நிறுத்தலாம், வரிசை நீண்டதற்காக முடியாது. ஆனாலும் முறைப்பாட்டின் பிரதி அவருக்கும் போகட்டும். நியாயமான காலத்துக்குள் பதில் இல்லையென்றால் ஹண்டல் ஓ கொன்டூர் போன்ற தொழிற்சங்கத்தையோ, தொழிற்சூழல் மேற்பார்வை ஆணையமான ஆர்பைட்ஸ்தில்சீனெயையோ அணுகலாம். தகவல் தந்தவரின் பெயரை வெளியிடாமல் காப்பது அந்த மேற்பார்வை ஆணையத்தின் சட்டக் கடமை. எல்லாக் கடையிலும் இதுதான் நிலைமை என்று முகாமையாளர் உங்களிடம் சொன்னார். ஆணையம் அவரிடம் கேட்கப்போவது இந்தக் கடையின் ஆபத்து மதிப்பீட்டையும் வேலை நேரப் பதிவையும்தான்.