டைட்டானியத்தைப் பற்றும் எலும்பு

கேள்வி: பல்லைப் பிடுங்கிய இடத்தில் இம்பிளான்ட் பொருத்தினால், அதைச் சுற்றி எலும்பு உறுதியாக வளர என்ன செய்ய வேண்டும்?

பதில்: இம்பிளான்ட் என்பது தாடை எலும்பினுள் திருகப்படும் டைட்டானியப் பல்வேர், அதன் மேற்பரப்பை எலும்பு அயற்பொருளாக ஒதுக்காமல் நேரடியாகப் பற்றிக்கொள்வதையே எலும்பிணைவு என்பர். சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிரோனமார்க் 1950களில் முயலின் எலும்பில் இதைக் கண்டறிந்து, 1965இல் நோயாளி ஒருவருக்குப் பயன்படுத்தினார்.

பிடுங்கிய குழியில் உறையும் குருதிக்கட்டியே புதிய எலும்புக்கு அடித்தளம் என்பதால், முதல் நாள் பலமாகக் கொப்பளிப்பதையும் உறிஞ்சுகுழலால் பருகுவதையும் தவிர்க்க வேண்டும். இம்பிளான்ட்டைத் திருகிய முதல் சில வாரங்களில், பழைய எலும்பு கரைந்து புதியது இன்னும் முதிராத நிலையில், அதன் பிடிப்பு தொடக்கத்தில் இருந்ததைவிடக் குறைகிறது; வலி அடங்கிவிட்டதென்று நோயாளி முறுக்கையும் சீடையையும் கடிக்கத் துணிவதும் இதே வாரங்களில்தான் என்பது கவலைக்குரியது. அப்போது ஏற்படும் நுண்ணசைவு ஏறத்தாழ 150 மைக்ரானைக் கடந்தால், எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்து இம்பிளான்ட் ஆடத் தொடங்கும்.

குருதி நாளங்களைச் சுருக்கும் புகைப்பழக்கமும் கட்டுப்படாத நீரிழிவும் எலும்பு வளர்ச்சியைத் தடுக்கும் பெரும் பகைகள்; இவற்றைத் திருத்தாமல் கால்சியம் மாத்திரையை மட்டும் நம்புவது வீண். எலும்புத் தேய்வுக்காகப் பிஸ்பாஸ்போனேட் மருந்து உட்கொள்வோருக்குத் தாடை எலும்பின் ஒரு பகுதி உயிரிழக்கும் ஆபத்து உண்டாகையால், அவர்கள் பல்லைப் பிடுங்கும் முன்பே அதனைப் பல் மருத்துவரிடம் தவறாது தெரிவிக்க வேண்டும்.